காளான் காப்ஸ்யூலும் அப்பாவின் சுகரும்: மாத்திரையைக் குறைக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைடு ஒன்று. கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை, 8.1. ஒன்றரை மாதத்துக்கு முன் சித்தப்பா ஒரு பாட்டில் காளான் காப்ஸ்யூல் அனுப்பியிருக்கிறார். ரெய்ஷி, மைடேக்கே, கார்டிசெப்ஸ், சாகா நான்கும் கலந்தது. ஆரம்பிக்கும்போது காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 168, போன வாரம் 131. "இப்போது மாலையில் நடக்கவும் ஆரம்பித்திருக்கிறார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார். குறைக்கலாமா? இந்தக் காளான் நிஜமாகவே வேலை செய்கிறதா?"

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையில் கை வைக்க வேண்டாம். குறைக்க வேண்டிய நிலை வந்தால் அதை மருத்துவர் குறைப்பார், அதுவும் இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக் குறைக்க மாட்டார். காளான் வேலை செய்கிறதா என்பது கொஞ்சம் நீளமான கதை. இருபது வருடத்துக்கு மேலாக மருந்தாளுநராக இருக்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இப்படி ஒரு பாட்டிலை நீட்டி "இது சுகருக்கு நல்லதாமே?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லித்தான் பழக்கம். இங்கே இடம் இருக்கிறது, விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது காளான் அல்ல. "மாலையில் நடக்கவும் ஆரம்பித்திருக்கிறார்" என்று போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான்.

நடக்கும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கும் தசைகள் ரத்தத்தில் இருந்து குளுக்கோஸை இன்சுலின் உதவி இல்லாமலேயே இழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும், அந்தத் தசைகள் இன்சுலினுக்கு நன்றாகக் கீழ்ப்படிகின்றன. 2011இல் பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த ஒரு பெரிய மதிப்பாய்வு வந்தது. வாரத்துக்கு 150 நிமிடத்துக்கு மேல் முறையாக உடற்பயிற்சி செய்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஹெச்பிஏ1சி சராசரியாக 0.89 குறைந்திருந்தது. ஒரு மாத்திரை தருகிற பலனுக்குப் பக்கத்தில் வரும் எண் அது. அப்பா வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நடந்தாலே அந்த நிமிடக் கணக்கு வந்துவிடும். பாவம், நடைக்கு லேபிளும் இல்லை, அனுப்பிவைத்த சித்தப்பாவும் இல்லை. அதனால் பெயர் காப்ஸ்யூலுக்குப் போய்விடுகிறது.

அடுத்தது அந்த 168, 131. வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்று ஒரு தர அளவு உண்டு. அதன்படி 100க்கு மேல் உள்ள அளவுகளில், நூற்றில் தொண்ணூற்றைந்து தடவை, ஆய்வகம் சொல்லும் எண்ணில் இருந்து 15 சதவீதம் மேலே கீழே போகாமல் காட்டினால் போதும், மீட்டர் தேறிவிடும். இதை அப்பாவுக்குப் போட்டுப் பாருங்கள். அவருடைய உண்மையான அளவு 150 என்று வைத்துக்கொள்வோம். நல்ல மீட்டரே ஒரு நாள் 172 காட்டலாம், இன்னொரு நாள் 128 காட்டலாம். அப்படியென்றால் அந்த 168உம் 131உம் ஒரே 150இன் இரண்டு முகங்களாக இருக்கவும் இடம் உண்டு. அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டே இரண்டு அளவுகளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்கிறேன். விரலைக் கழுவாமல், பழம் உரித்த கையோடு குத்தினால் எண் எகிறுவதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. யாரும் சுகர் நன்றாக இருக்கும் நாளில் புது மருந்தைத் தேடிப் போவதில்லை. ஏதோ ஒரு காலையில் எண் பயமுறுத்தும், அன்றைக்குத்தான் பாட்டிலைத் திறப்பார்கள். மோசமான நாளில் ஆரம்பித்தால் அதற்கு அடுத்த நாள்கள் தானாகவே கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும். சோதனைகளில் ஒரு பாதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்த போலி மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான்.

சரி, காளானுக்கு வருவோம். "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள். ஆராய்ச்சி இருப்பது உண்மை. ஆனால் பெரும்பாலானது எலிகளில் செய்தது. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற ரசாயனத்தை ஊசியில் ஏற்றி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைக் கொன்று, எலிக்குச் சர்க்கரை நோயை வரவழைப்பார்கள். பிறகு காளான் சாறு கொடுத்து அளப்பார்கள். அப்பாவுக்கு வந்திருப்பது வேறு கதை. அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் மெதுவாக வளர்ந்த இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குச் சரியாகக் கீழ்ப்படியாத நிலை, அதோடு சோர்ந்துபோன கணையம். 2015இல் ரெய்ஷியின் நீர்ச்சாறு எலிகளின் குடல் பாக்டீரியாக்களை மாற்றி எடையைக் குறைத்தது என்று ஒரு நல்ல ஆய்வு வந்தது. கொழுப்பு நிறைந்த தீனி போட்டு வளர்த்த எலிகள் அவை. எலிக்கு நல்ல செய்திதான்.

மனிதர்களிடம் செய்தவை கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அவற்றில் நாலைந்தைச் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் வருவது அநேகமாக முதல் பாதி மட்டும்தான்.

2004இல் ரெய்ஷியில் இருந்து பாலிசாக்கரைடு (சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 71 பேரிடம் சோதித்தார்கள். ஒரு வேளைக்கு 1800 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை. பன்னிரண்டு வாரத்தில் ஹெச்பிஏ1சி 8.4இல் இருந்து 7.6க்கு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள், ஒரு நாளைக்கு 5.4 கிராம், அதுவும் செறிவூட்டிய சாறு. நான்கு காளான் கலந்த 500 மி.கி. காப்ஸ்யூலில் ரெய்ஷியின் பங்கு எவ்வளவு இருக்கும்? சமமாகப் பிரித்தால் 125 மி.கி. அப்பா ஒரு நாளைக்கு இரண்டு போட்டால் கால் கிராம்.

பிறகு சிட்னியில், வளர்சிதை மாற்றக் குறைபாட்டோடு சர்க்கரை நோயும் உள்ள 84 பேரை வைத்து ஒரு கச்சிதமான சோதனை நடந்தது. 2016இல் முடிவு வெளியானது. ஒரு குழுவுக்கு ரெய்ஷி, ஒரு குழுவுக்கு ரெய்ஷியும் கார்டிசெப்ஸும், ஒரு குழுவுக்குப் போலி. ஒரு நாளைக்கு 3 கிராம், பதினாறு வாரம். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. ஹெச்பிஏ1சியிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் போலிக்கும் காளானுக்கும் பொருட்படுத்தும்படி வித்தியாசமே வரவில்லை. உங்கள் அப்பாவின் பாட்டிலுக்கு மிக நெருக்கமான சோதனை இதுதான்: அதே நோய், நான்கில் இரண்டு அதே காளான், அளவு மட்டும் பல மடங்கு அதிகம். அதற்கு முந்தைய ஆண்டு, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு ஐந்து சோதனைகளை, மொத்தம் 398 பேரை, சேர்த்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் இதய நோய் அபாயக் காரணிகளுக்கு, அதாவது சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு, ரெய்ஷியைப் பயன்படுத்த ஆதாரம் போதவில்லை என்று எழுதியிருந்தது.

நல்ல செய்தியே இல்லையா என்றால், இருக்கிறது. தைவானில் 72 பேருக்கு, மெட்ஃபார்மினும் கிளிக்லசைடு என்ற இன்னொரு சுகர் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தபோதே, அகாரிகஸ் பிளேசி என்ற காளானின் சாறை ஒரு நாளைக்கு 1500 மி.கி. பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி இன்சுலின் எதிர்ப்பைக் காட்டும் கணக்கு குறைந்திருந்தது. கவனியுங்கள், மாத்திரையோடு சேர்த்து. மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை. அதே ஆண்டு டாக்காவில் பிர்டெம் மருத்துவமனையில் 89 பேருக்கு ஒரு வாரம் சிப்பிக்காளான் சாப்பிடக் கொடுத்து, அடுத்த வாரம் நிறுத்தி, மூன்றாவது வாரம் மறுபடி கொடுத்தார்கள். சாப்பிட்ட வாரங்களில் சர்க்கரையும் கொழுப்பும் இறங்கின, நிறுத்திய வாரத்தில் ஏறின. போலிக் குழு இல்லை, காலமும் குறைவு. ஆனாலும் எனக்கு இந்த ஆய்வு ஏனோ பிடிக்கும். காப்ஸ்யூல் இல்லை, சாறு இல்லை, தட்டில் வைத்த காளான்.

மைடேக்கேக்கு இருப்பது மிகச் சில நோயாளிகளின் அனுபவக் குறிப்புகள். சாகாவுக்குச் சர்க்கரை விஷயத்தில் மனிதர்களிடம் உருப்படியான சோதனை எதையும் நான் பார்த்ததில்லை. அதன் மறுபக்கத்தைக் கீழே சொல்கிறேன்.

ஏன் வேலை செய்யலாம் என்று நினைக்கிறார்கள்? முக்கியமாக பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து. இந்தப் பெயரை ஓட்ஸ், பார்லி விஷயத்தில் கேட்டிருப்பீர்கள். அங்கே அது சர்க்கரைக்கு உதவுவது நிரூபணமான ஒன்று. வயிற்றில் கூழாகி, மாவுச்சத்து செரிப்பதையும் குளுக்கோஸ் உள்ளே போவதையும் மெதுவாக்குகிறது. காளானில் இருப்பதும் பீட்டா குளுக்கான்தான், ஆனால் அதன் கிளைகள் வேறு மாதிரி, பெரும்பகுதி தண்ணீரில் கரைவதில்லை, ஓட்ஸ் மாதிரிக் கூழாவதும் இல்லை. ஒரே பெயர், வேறு ஆள். ஓட்ஸுக்குக் கிடைத்த நற்சான்றிதழைக் காளான் பாட்டிலில் ஒட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். மேலும், ஓட்ஸில் கூட சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்க, 30 கிராம் மாவுச்சத்துக்கு 4 கிராம் பீட்டா குளுக்கான் தேவை என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். கிராம் கணக்கு அது. காப்ஸ்யூலில் மில்லிகிராம் கணக்கு.

காளானில் இருந்து மருந்து வரவே வராது என்று நான் சொல்ல வரவில்லை. பூஞ்சை உலகத்துக்கு மருந்துக் கடை பெரிய கடன் பட்டிருக்கிறது. அப்பா அநேகமாக இரவில் போடும் கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டினின் முதல் வடிவத்தை, ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1973இல் ஒரு பெனிசிலியத்தில் இருந்துதான் கண்டெடுத்தார். மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு செடி, கலேகா. அதன் மூலப்பொருள் அப்படியே சாப்பிட முடியாத அளவுக்கு நஞ்சு. அதைத் தழுவி ஆய்வகத்தில் செய்த உறவுக்காரப் பொருள்தான் இன்றைய மாத்திரை. ஆகவே "அது கெமிக்கல், இது இயற்கை" என்று சித்தப்பா சொன்னால், சண்டைக்குப் போக வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்கள். இரண்டும் இயற்கையில் இருந்துதான் வந்தன, ஒன்றில் அளவு தெரியும்.

அளவு என்றதும் பாட்டிலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் பெரிய பிரச்சினை இங்கேதான்.

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். "காளான் கலவை 500 மி.கி." என்று மொத்தமாகப் போட்டிருந்தால் எதில் எவ்வளவு என்று தெரிய வழியே இல்லை. "10:1 சாறு" என்றால் பத்து கிலோவை ஒரு கிலோவாக்கியது என்று அர்த்தம், எந்தப் பொருள் எவ்வளவு மிஞ்சியது என்று அர்த்தம் இல்லை. "பாலிசாக்கரைடு 40 சதவீதம்" என்று தடித்த எழுத்தில் இருந்தால் நான் சந்தேகப்படுவேன். காரணம், மாவுச்சத்தும் ஒரு பாலிசாக்கரைடுதான். சாதாரண மாவை அடைத்துவிட்டு அந்த வரியைப் பொய் சொல்லாமலேயே அச்சடிக்கலாம். பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து "மைசீலியம்" என்ற சொல். நாம் காளான் என்று சொல்கிற குடை, அந்தப் பூஞ்சையின் கனி மாதிரி. அதன் உடம்பு வெள்ளை நூல்களாகப் பரவிக் கிடக்கும், அதுதான் மைசீலியம். குடை வளரும்வரை காத்திருக்காமல், வேகவைத்த தானியத்தில் இந்த நூல்களைப் பரவவிட்டு, தானியத்தோடு சேர்த்தே காயவைத்து அரைத்துக் காப்ஸ்யூலில் அடைப்பது மலிவான வழி. பூஞ்சையைத் தானியத்தில் இருந்து பிரிக்க முடியாது, வேர் மாதிரிப் பின்னிக்கிடக்கும். சோதித்துப் பார்த்தால் இப்படிப்பட்ட பொடிகளில் மாவுச்சத்து தூக்கலாகவும் பீட்டா குளுக்கான் குறைவாகவும் வருகிறது. காளானின் குடையிலோ இது நேர் எதிர்.

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். காப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்துப் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். முழுசாக ஆறவேண்டும், சூட்டில் நிறம் பிடிக்காது. ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, காயத்துக்குப் போடும் அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விடுங்கள். பழுப்பாகவே நின்றால் தானிய மாவு அதிகம் இல்லை. சொட்டு விழுந்த இடம் மை கொட்டினது போலக் கருநீலமாகிப் பரவினால், அதில் இருப்பது தானிய மாவு. பூஞ்சைகள் மாவுச்சத்தைச் சேர்த்துவைப்பதில்லை, கிளைக்கோஜனாகத்தான் வைக்கும், அதற்கு இந்தக் கருநீலம் வராது. ஒருமுறை கவுண்டருக்கு வந்த ஒரு பாட்டிலை இப்படிப் பார்த்தோம். உரிமையாளர் பெரியவர், சொட்டு விழுந்ததும் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இட்லி மாவா தம்பி?" என்றார். இரண்டு காப்ஸ்யூல் மாவு அவர் சுகரை ஏற்றிவிடாது, அவ்வளவு சின்ன அளவு. ஆனால் சர்க்கரையைக் குறைக்க வாங்கியது மாவு என்றால் சிரிப்பதா அழுவதா?

அயோடின் சோதனையில் தேறினாலும், உள்ளே இருப்பது பெயரில் உள்ள காளான்தான் என்று உறுதி இல்லை. 2017இல் அமெரிக்காவில் விற்ற 19 ரெய்ஷிப் பொருள்களை ரசாயனக் கைரேகை பார்த்துச் சோதித்தார்கள். லேபிளுக்கு உண்மையாக இருந்தவை ஐந்து. பத்தொன்பதில் ஐந்து! கார்டிசெப்ஸ் கதை இன்னும் வேடிக்கை. திபெத்தியப் பீடபூமியில் கம்பளிப்புழுவின் தலையில் இருந்து முளைக்கும் அந்தப் பூஞ்சை அருகிப்போய், தங்கத்தோடு போட்டி போடும் விலையில் இருக்கிறது. காப்ஸ்யூலில் வருவது அநேகமாகப் பண்ணையில் வளர்த்த வேறு இனம், அல்லது தொட்டியில் புளிக்கவைத்த நூல்கள். படத்தில் மட்டும் புழு இருக்கும்.

இதைவிடப் பயப்பட வேண்டிய ஒரு சாத்தியம் உண்டு. ஒரு "இயற்கை" சுகர் மருந்து உண்மையிலேயே சர்க்கரையை மடமடவென்று இறக்கினால், நான் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுவேன். மூலிகை என்ற பெயரில் விற்ற பொருள்களில் சொல்லாமல் கலந்த மெட்ஃபார்மினும் கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரையும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. 2008இல் சிங்கப்பூரில் ஐந்து மாதத்துக்குள் 150 பேர் திடீர்த் தாழ் சர்க்கரையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் பயன்படுத்தியதாகத் தெரியவந்தது சுகர் மருந்தோ காளானோ அல்ல, ஆண்மைக்கு என்று விற்ற மாத்திரைகள். உள்ளே கிளிபென்கிளமைடு இருந்தது. அப்பாவின் பாட்டிலில் அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஏற்கெனவே கிளிமிபிரைடு எடுக்கிறார், அதே குடும்ப மருந்து. ஒன்றுக்கு மேல் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையைத் தாழ்த்திவிடுவது அரிது. கிளிமிபிரைடு அப்படி இல்லை. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே எடுக்கும், சாப்பாடு வந்ததா வரவில்லையா என்று பார்க்காது. கூடவே நடை, கூடவே காப்ஸ்யூல், ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம் எல்லாம் வரலாம். 70க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அப்பாவின் சர்க்கரை நிஜமாகவே குறைந்துவருகிறது என்றால் மருத்துவர் முதலில் குறைக்க நினைப்பது இந்தக் கிளிமிபிரைடைத்தான். "பாதியாகக் குறைக்கலாம்" என்று அப்பா நினைப்பது எதை என்று கேட்டீர்களா? நிறையப் பேர் பெரிய மாத்திரையான மெட்ஃபார்மினைத்தான் முதலில் கைவிடுகிறார்கள், விழுங்கக் கஷ்டம் என்று.

இப்போது சாகா. நான்கில் இதை மட்டும் நான் தயங்காமல் வேண்டாம் என்பேன். பிர்ச் மரத்தில் கரிக்கட்டி மாதிரி வளரும் இதில் ஆக்சலேட், அதாவது சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய பொருள், மிக அதிகம். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவர் ஆறு மாதம் தினமும் நாலைந்து தேக்கரண்டி சாகாப் பொடி சாப்பிட்டு, சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் அடைத்து, டயாலிசிஸ் வரை போனது 2014இல் மருத்துவ இதழில் பதிவானது. காப்ஸ்யூலில் அவ்வளவு இல்லைதான். ஆனால் பத்து வருடச் சர்க்கரை நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கலாம், அதுவும் சத்தமில்லாமல். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சோதனைகளான கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் அப்பாவுக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கிரியேட்டினின் ஏறியிருந்தால் அது மெட்ஃபார்மின் அளவையும் பாதிக்கும்.

ரெய்ஷிக்கு வேறு இரண்டு எச்சரிக்கை. ஒன்று கல்லீரல். 2004இல் ஹாங்காங்கிலும் 2007இல் தாய்லாந்திலும் ரெய்ஷிப் பொடியோடு தொடர்புடைய கடுமையான கல்லீரல் பாதிப்புகள் பதிவாகின, தாய்லாந்தில் நோயாளி இறந்துபோனார். அரிதுதான், ஆனால் மஞ்சள் காமாலை அறிகுறி எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். இன்னொன்று, ரத்தம் உறைவதை இது மெதுவாக்கக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. அறுவை சிகிச்சை இருந்தால், பல் பிடுங்குவது உட்பட, முன்கூட்டியே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் எந்த மருத்துவக் காளானும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடும் பொருள்கள் இவை. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள யாராவது இதைப் படித்தால், இன்சுலினுக்கு மாற்றாக எந்தக் காளானும் கிடையாது. ஒரு நாள் விட்டாலே ஆபத்து.

சாப்பிடுகிற காளான் வேறு விஷயம். நூறு கிராம் வெள்ளை மொட்டுக்காளானில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்த்து மூன்று கிராமைச் சுற்றி, புரதமும் கிட்டத்தட்ட அவ்வளவே, கலோரி இருபத்திரண்டு. தட்டில் கால் பங்கு மாவுப் பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வதக்கிய காளானை வைத்தால் சாப்பிட்ட பின் சர்க்கரை குறையத்தான் செய்யும். அது காளானின் மந்திரம் இல்லை, எடுத்துவிட்ட மாவின் புண்ணியம். எப்படியோ குறைந்தால் சரி. எண்ணெயில் பொரித்து, மாவில் தோய்த்து என்று ஆரம்பித்தால் கணக்கு வேறு. காட்டில் முளைத்ததைப் பறித்துச் சமைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? "உங்கள் காளான் டுபாக்கூர்" என்று ஆரம்பித்தால் பாட்டில் அலமாரிக்குப் பின்னால் போய்விடும், அவர் ரகசியமாகச் சாப்பிடுவார். இதை நிறையக் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அதைவிட, அவரையே சோதனை செய்பவராக ஆக்கிவிடுங்கள். மாத்திரையும் நடையும் அப்படியே. காப்ஸ்யூலை மட்டும் மூன்று வாரம் நிறுத்தட்டும். தினமும் எழுந்தவுடன், கையைக் கழுவித் துடைத்து, அதே மீட்டரில் ஒரு தடவை, இரவுச் சாப்பாடு முடித்து இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை. ஒரு நோட்டில் தேதியும் எண்ணும், பக்கத்தில் எத்தனை நிமிடம் நடந்தார் என்பதும். மூன்று வாரச் சராசரி 131ஐ ஒட்டியே நின்றால் பெருமை யாருக்கு என்று அவருக்கே தெரிந்துவிடும். ஏறினால்? அப்போதும் முடிவு கட்ட வேண்டாம், நோட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி அப்போது இன்னும் பெரிதாகிறது.

ஹெச்பிஏ1சியை இப்போது அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். சிவப்பணுக்கள் 120 நாள் அளவுக்கு வாழும். அவற்றில் படிந்த சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. நடக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆன பிறகு எடுத்தால்தான் பழைய 8.1ஓடு ஒப்பிட அர்த்தம் இருக்கும். அதே ரத்தத்தில் கிரியேட்டினினும் கல்லீரல் என்சைம்களும் பார்த்துவிடலாம். அந்த ரிப்போர்ட் 7.2 என்றோ 7.0 என்றோ வந்து, நோட்டில் காலை எண்கள் சீராக இருந்தால், "மாத்திரையைக் குறைக்கலாமா டாக்டர்?" என்று அப்பாவே தைரியமாகக் கேட்கலாம், முடிவை அவர் சொல்வார்.

சித்தப்பா அடுத்த பாட்டிலை அனுப்புவதற்கு முன், முடிந்தால் அப்பாவுக்கு ஒரு ஜோடி நல்ல நடைச் செருப்பு அனுப்பச் சொல்லுங்கள். பத்து வருடச் சுகரில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், கடித்தாலும் தெரியாது. அதனால் நடந்து வந்ததும் உள்ளங்காலை ஒரு தடவை பார்த்துவிடுவது வழக்கமாகட்டும், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்து.